முள்ளும் தட்டும்: இசைத்தட்டு வாசகர் கேள்வி பதில்

புதிதாக ரெக்கார்ட் பிளேயர் வாங்கியவர்களும், பரணில் கிடந்ததை இறக்கித் துடைத்தவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பிளேயர் கெட்டால் வேறு வாங்கலாம். தேய்ந்துபோன தட்டைத் திரும்பப் பெற வழியில்லை. அதனால் எல்லாப் பதில்களிலும் தட்டின் பக்கமே நின்று பேசியிருக்கிறோம்.

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் அறுபது எழுபது தட்டுகள் கிடைத்தன. சில கனமாக இருக்கின்றன, சில லேசாக வளைகின்றன. நான் வாங்கிய புதுப் பிளேயரில் 33, 45 என இரண்டு வேகம்தான் உண்டு. எல்லாவற்றையும் அதில் போடலாமா?
*வாசகர், காரைக்குடி*

போடக்கூடாது. முதலில் தட்டுகளை இரண்டு கட்டாகப் பிரித்து வையுங்கள். கையில் கனத்து, கொஞ்சமும் வளையாமல், விரலால் சுண்டினால் ஓடுபோல ஒலிப்பவை அரக்குத் தட்டுகள். பெரும்பாலும் 10 அங்குல அகலம், பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம், நிமிடத்துக்கு 78 சுற்று. கீழே விழுந்தால் உடையும் என்பதால் அடியில் கைகொடுத்தே எடுங்கள். வளைபவை வினைல்: 12 அங்குல எல்பி 33⅓ சுற்று, 7 அங்குல இ.பி. பெரும்பாலும் 45 சுற்று. படம் எந்த ஆண்டு வந்தது என்பதை வைத்துக் கணிக்க வேண்டாம். இந்தியாவில் 1960-களின் பிற்பகுதி வரை 78 தட்டுகள் அச்சாகிக்கொண்டிருந்தன. லேபிளில் இருக்கும் எண்ணையும், தட்டின் கனத்தையும் நம்புங்கள்.

வேகம் ஒரு தடைதான், ஆனால் பெரிய தடை முள். எல்பியின் பள்ளம் மெல்லியது. அதற்கான முள்ளின் நுனி ஆரம் சுமார் 18 மைக்ரான். 78-இன் பள்ளம் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு அகலம். அதற்கு 75 மைக்ரான் அளவுள்ள முள் வேண்டும். எல்பி முள்ளை 78-இல் வைத்தால் அது பள்ளத்தின் சுவரைத் தொடாமல் அடியில் போய் உட்கார்ந்து, அங்கே பல வருடமாகச் சேர்ந்திருக்கும் தூசியில் உருளும். பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் கேட்கும். அரக்குத் தட்டில் கல்தூள் கலந்திருப்பதால் உங்கள் மெல்லிய முள்ளும் சீக்கிரம் தேயும். 78-க்கான முள்ளை எல்பியில் வைப்பது இதைவிட மோசம். அது பள்ளத்துக்குள் இறங்கவே முடியாமல் மேல் விளிம்பைச் சிதைத்துக்கொண்டு போகும்.

ஆகவே 78 வேகமும், முள்ளை மட்டும் கழற்றி மாற்றக்கூடிய கார்ட்ரிட்ஜும் (முள்ளின் அசைவை மின்சாரமாக மாற்றும் தலைப்பகுதி) உள்ள பிளேயர் தேவை. ஒரே கார்ட்ரிட்ஜுக்கு எல்பி முள் ஒன்று, 78 முள் ஒன்று என்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். முள்ளை மாற்றும் ஒவ்வொரு முறையும், முள் தட்டை அழுத்தும் எடையையும் மாற்ற வேண்டும். 78 முள் கூடுதல் எடை கேட்கலாம், அதன் தாளில் அச்சிட்டிருக்கும். ஆம்ப்ளிபயரில் மோனோ பொத்தான் இருந்தால் 78 கேட்கும்போது அழுத்துங்கள். அந்தத் தட்டுகளில் பாட்டு பக்கவாட்டு அசைவில் மட்டுமே பதிந்திருக்கிறது. மேலும் கீழுமாக முள் ஆடுவதால் வரும் இரைச்சலை மோனோ வெட்டிவிடும். வித்தியாசம் உடனே காதுக்குத் தெரியும்.

கைச்சாவி கொடுக்கும் பழைய குழாய்க் கிராமபோன் உங்களிடம் இருந்தால் அதில் வினைல் தட்டை ஒருபோதும் வைக்காதீர்கள். அதன் தலை நூறு கிராமுக்கு மேல் அழுத்தும்; ஒரே ஓட்டத்தில் எல்பி பாழ். அதில் 78 போடும்போதும் எஃகு முள்ளை ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று மாற்றியே ஆகவேண்டும். தட்டிலுள்ள கல்தூள் முதல் சில சுற்றிலேயே முள்ளைத் தீட்டிப் பள்ளத்துக்குப் பொருத்திவிடுகிறது. பக்கம் முடிவதற்குள் அந்த முள் உளியாகிவிடும். முள்ளைச் சேமிக்கப் பார்த்தால் தட்டு போய்விடும்.

டோன் ஆர்மின் எடையை எப்படி வைப்பது? கூட வந்த ஆங்கிலக் கையேடு புரியவில்லை.
*வாசகி, திருச்சி*

தட்டைத் தொடுமுன் பிளேயர் மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். சிறிய ரசமட்டத்தைச் சுழல்தட்டின் மேல் நெடுக்காக ஒருமுறை, குறுக்காக ஒருமுறை வைத்துப் பார்த்து, காலைத் திருகிச் சரிசெய்யுங்கள்.

பிறகு, முள் தட்டின் மையத்தை நோக்கி இழுபடுவதைச் சமன்செய்யும் ஆன்டி ஸ்கேட் குமிழைப் பூஜ்யத்தில் வையுங்கள். முள் மூடியைக் கழற்றி, டோன் ஆர்மை, அதாவது முள்ளைச் சுமக்கும் கையை, அதன் தாங்கியிலிருந்து விடுவித்து, தூக்கும் நெம்பை இறக்கிவிடுங்கள். முள் எதிலும் படாமல் இருக்க உங்கள் விரல் அருகிலேயே இருக்கட்டும். பின்னால் உள்ள எடையை முன்னும் பின்னும் திருகி, கை எழாமலும் தாழாமலும் தராசுக்கோல்போல அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். அதுதான் பூஜ்ய நிலை. கையைத் தாங்கியில் பூட்டிவிட்டு, எடையை அசைக்காமல் அதன் முன்னுள்ள எண் வளையத்தை மட்டும் திருப்பி 0-வைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவாருங்கள். இனி எடையும் வளையமும் சேர்ந்து சுழலும்படி பிடித்து, வேண்டிய கிராம் வரை திருகுங்கள். ஆடியோ டெக்னிகா விஎம்95இ-க்கு 2.0 கிராம், ஆர்டோஃபோன் 2எம் ரெட்டுக்கு 1.8 கிராம். உங்கள் கார்ட்ரிட்ஜ் வேறு என்றால் அதன் தாளிலுள்ள எண். கடைசியாக ஆன்டி ஸ்கேட்டையும் அதே எண்ணில் வையுங்கள்.

பலரும் தடுமாறும் இடம், வளையத்தைத் திருப்புகையில் எடையும் கூடவே நகர்ந்துவிடுவது. அப்போது பூஜ்யமே பொய்யாகிவிடும், அதன்மேல் வைக்கும் 2 கிராமும் பொய். சந்தேகம் வந்தால் முதலிலிருந்து செய்யுங்கள், ஐந்து நிமிட வேலைதான். 0.01 கிராம் காட்டும் முள் தராசு ஒன்று வாங்கிவிட்டால் கவலையில்லை. நகைக்கடைத் தராசு போதாதா என்று கேட்பவர்களுக்கு: அதன் தட்டு உயரத்தில் இருப்பதால் கை மேல்நோக்கிச் சாய்ந்து அளவு மாறும். அதில் இரும்புப் பாகம் இருந்தால் கார்ட்ரிட்ஜிலுள்ள காந்தம் அதை இழுத்து எடையைக் கூட்டிக் காட்டும். முள் தராசின் மேடை தட்டின் உயரத்திலேயே, காந்தம் ஒட்டாத பொருளில் செய்யப்பட்டிருக்கும்.

எடையைக் குறைத்து வைத்தால் தட்டு தேயாது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. உண்மை நேர்மாறு. எடை குறைந்த முள், ஓங்கிய நாதஸ்வரமோ உச்சஸ்தாயிக் குரலோ வரும் இடத்தில் பள்ளத்துக்குள் நிற்காமல் சுவருக்குச் சுவர் மோதும். 'ஸ', 'ச' ஒலிகள் கரகரப்பதுதான் அதன் அடையாளம். மோதிய இடத்தில் சுவர் உடைந்துவிடுவதால், பிறகு எவ்வளவு நல்ல முள்ளில் போட்டாலும் அந்தக் கரகரப்பு அங்கேயே இருக்கும். கையேடு 1.8 முதல் 2.2 வரை என்றால் 1.8-க்குக் கீழே போகவே வேண்டாம். நடு அளவோ அதற்குச் சற்று மேலோ நல்லது.

பின் எடையே இல்லாத, முழுத் தானியங்கி விலைமலிவுப் பிளேயர்களில் எடை ஆலையிலேயே அமைத்தது. அதைத் தொட வேண்டாம்.

முள் தாவுகிறது. தலையில் ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் சரியாகிறது. வைக்கலாமா?
*வாசகர், விருதுநகர்*

வேண்டவே வேண்டாம். ஒரு ரூபாய் நாணயம் மூன்று கிராமுக்குக் குறையாது. 2 கிராமுக்கு ஆன முள்ளின் மேல் அது இரண்டரை மடங்கு சுமை. தாவுவது ஒரே தட்டில் ஒரே இடத்தில் என்றால் அங்கே அழுக்கோ கீறலோ இருக்கிறது. எல்லாத் தட்டிலும் என்றால் எடை, மட்டம், முள் நுனியில் சுருண்ட தூசி என்ற வரிசையில் பாருங்கள்.

சுருதிப் பெட்டியை 5 கட்டையில் வைத்தால், எல்பியில் பாடகர் அதற்குச் சற்று மேலே போகிறார். தட்டு வேகமாக ஓடுகிறதா?
*வாசகர், திருவையாறு*

இருக்கலாம், ஆனால் சுருதிப் பெட்டி மட்டும் சாட்சியாகாது. அன்றைய கச்சேரியில் தம்பூரா மிகச் சரியாக 5 கட்டையில்தான் சேர்க்கப்பட்டிருந்தது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வேகத்தைத் தனியாக அளந்துவிடுங்கள், செலவே இல்லை.

சுழல்தட்டின் விளிம்பில் சிறு காகிதத் துண்டு ஒட்டுங்கள். எல்பி வைத்து முள்ளை இறக்கிப் பாடவிட்டபடியே, காகிதம் ஓர் இடத்தைக் கடக்கும்போது நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தி 'பூஜ்யம்' என்று எண்ணத் தொடங்குங்கள். 33⅓ சுற்று என்றால் 100 சுற்றுக்குச் சரியாக 3 நிமிடம், அதாவது 180 விநாடி. நேரம் 1.8 விநாடி குறைந்தால் வேகம் ஒரு சதவீதம் கூட. 170 விநாடியில் முடிந்தால் ஆறு சதவீதம் கூட, சுருதி அரைக் கட்டை ஏறியிருக்கும். ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் பெரும்பாலான காதுகளுக்குத் தெரியாது. கூடவே வீணை வாசித்துப் பழகுபவர்களுக்குத் தெரியும். 45 வேகத்தில் அதே 3 நிமிடத்துக்கு 135 சுற்று. முள்ளைத் தூக்கிவிட்டு அளக்காதீர்கள், தளர்ந்த பெல்ட் சுமை ஏறியதும்தான் வழுக்கும்.

கோடு போட்ட ஸ்ட்ரோப் தட்டு (வேகம் சரியென்றால் விளக்கின் துடிப்பில் கோடுகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும்) வைத்துப் பார்ப்பவர்கள் கோடுகளை எண்ணிக்கொள்ளுங்கள். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 33⅓ வேகத்தில் 180 கோடு இருக்க வேண்டும். 216 கோடு என்றால் அது 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கானது. பல எல்இடி விளக்குகளில் துடிப்பு மிகக் குறைவு என்பதால் கோடு நிற்பது தெரியாது. பழைய குண்டு பல்பின் வெளிச்சத்தில் பாருங்கள்.

வேகம் தவறு என்றால், டிசி மோட்டார் உள்ள பிளேயர்களில் அடிப்பக்கமோ மோட்டாரின் அருகிலோ 33, 45 என்று குறித்த சிறு துளைகள் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் திருகைச் சிறிய ஸ்க்ரூடிரைவரால் மயிரிழை அளவு திருப்பி, மறுபடி அளங்கள். ஏசி மோட்டார் என்றால் திருகு இருக்காது. பெல்ட்டையும் மோட்டார் கப்பியில் படிந்த பிசுக்கையும் கவனிக்க வேண்டும்.

அண்ணா கனடாவில் பாவித்த பழைய பெல்ட் பிளேயரைக் கொண்டுவந்து தந்தார். 110 வோல்ட் டிரான்ஸ்போமர் போட்டும் எல்லாப் பாட்டும் இழுபட்டு, தடித்த குரலில் கேட்குது. மோட்டார் பழுதோ?
*வாசகி, யாழ்ப்பாணம்*

மோட்டார் நல்ல நிலையில்தான் இருக்கும். டிரான்ஸ்போமர் வோல்டை மட்டுமே குறைக்கும், அலைவெண்ணை மாற்றாது. கனடாவில் 60 ஹெர்ட்ஸ். இலங்கையிலும் இந்தியாவிலும் 50. பழைய பிளேயர்களின் ஏசி ஒத்தியங்கு மோட்டார் மின்சாரத்தின் அலைவெண்ணைப் பின்பற்றித்தான் சுற்றும். ஆறில் ஐந்து பங்கு வேகம் என்றால் 33⅓ சுற்று சுமார் 27.8 ஆகிவிடும். 5 கட்டையில் பாடியவர் 3 கட்டைக்கு இறங்கிவிடுவார்.

அடியிலுள்ள தகட்டைப் படியுங்கள். '50/60 ஹெர்ட்ஸ்' என்று இருந்தால் மோட்டார் கப்பியில் இரண்டு வகைப் படிகளோ, மாற்றிப் போடும் உறையோ இருக்க வாய்ப்புண்டு. ஜப்பானில் கிழக்கே 50, மேற்கே 60 என்பதால் அங்கிருந்து வந்தவற்றில் இந்த ஏற்பாட்டைப் பார்க்கலாம். '60 ஹெர்ட்ஸ்' மட்டும் என்றால் கப்பியை மாற்ற வேண்டும். புதுக் கப்பியின் விட்டம் பழையதைவிட 1.2 மடங்கு. அதே மாடலின் 50 ஹெர்ட்ஸ் கப்பி கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் நல்ல லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து தருவார்கள். கப்பியின் முகம் நடுவில் சற்றுப் புடைத்திருக்கும், அந்தப் புடைப்பையும் அப்படியே செய்யச் சொல்லுங்கள். அதுதான் பெல்ட்டை நழுவாமல் வைத்திருக்கிறது. துளை மையம் தப்பினால் பாட்டு அலை அலையாக ஆடும்.

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: டிசி மோட்டாரோ குவார்ட்ஸ் நேரடிச் சுழற்சியோ உள்ளதென்றால் இந்தத் தொல்லை இல்லை, வோல்ட் சரியாக இருந்தால் போதும். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து கொண்டுவருவது அப்படியே ஓடும்.

புதுப் பிளேயரை ஆம்ப்ளிபயரின் ஆக்ஸ் (AUX) துளையில் சொருகினேன். சத்தம் கொசு ரீங்காரம்போல இருக்கிறது, பாஸே இல்லை.
*வாசகர், சேலம்*

காந்தக் கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது ஐந்து மில்லிவோல்ட் அளவுதான். ஆக்ஸ் எதிர்பார்ப்பது அதைப்போல நூறு மடங்கு வரை. அதோடு, தட்டில் பாட்டைப் பதியும்போதே கீழ்ஸ்வர ஒலிகளைக் குறைத்தும் உச்ச ஒலிகளைக் கூட்டியும் பதிகிறார்கள். இல்லாவிட்டால் பள்ளம் பக்கத்துப் பள்ளத்தில் போய் இடிக்கும். அதை நேர்செய்து பெருக்குவது போனோ ப்ரீஆம்ப். ஆம்ப்ளிபயரில் 'போனோ' என்ற துளை இருந்தால் அதில் சொருகுங்கள். இல்லையேல் தனியாக வாங்கி நடுவில் வையுங்கள். சில பிளேயர்களில் ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கும், பின்னால் போனோ/லைன் என்று ஒரு விசையும் இருக்கும். அதை லைனுக்குத் தள்ளினால் ஆக்ஸே போதும். லைனில் வைத்துக்கொண்டே போனோ துளையில் சொருகினால் இரண்டு முறை பெருக்கிக் காது கிழியும்.

பாட்டுக்குப் பின்னால் 'ம்ம்ம்' என்று ஓயாத ரீங்காரம்.
*வாசகர், திருப்பூர்*

டோன் ஆர்மை விரலால் தொட்டுப் பாருங்கள். ரீங்காரம் கூடினாலோ குறைந்தாலோ எர்த் பிரச்சினை. சிவப்பு வெள்ளைக் கேபிளோடு வரும் மெல்லிய தனிக் கம்பியை ஆம்ப்ளிபயரின் பின்புறத் திருகில் இறுக்குங்கள். பிறகும் போகாவிட்டால் கார்ட்ரிட்ஜின் பின்னுள்ள நான்கு ஊசிகளைப் பாருங்கள். வெள்ளையும் நீலமும் இடப்பக்கம், சிவப்பும் பச்சையும் வலப்பக்கம். ஒன்று தளர்ந்தாலும் அந்தப் பக்கம் ரீங்கரிக்கும். சாமணத்தால் மெதுவாகத் தள்ளுங்கள், ஆம்ப்ளிபயரை அணைத்துவிட்டு. பிளேயரை ஆம்ப்ளிபயரின் மேலேயே வைத்திருந்தாலும் ரீங்காரம் வரும். டிரான்ஸ்பார்மரின் காந்தப் புலம் அது, அரை மீட்டர் தள்ளி வையுங்கள்.

ஒலியைக் கூட்டினால் மட்டும் 'ஊ' என்று ஏறிக்கொண்டே போவது வேறு நோய். ஸ்பீக்கரும் பிளேயரும் ஒரே மேசையில் இருந்தால் ஸ்பீக்கரின் அதிர்வு முள்ளுக்கு ஏறுகிறது. ஸ்பீக்கரைக் கீழே இறக்குங்கள்.

சென்னை ஈரத்தில் தட்டுகளில் வெள்ளைப் பூஞ்சை. எப்படிக் கழுவுவது?
*வாசகி, மயிலாப்பூர்*

வினைலுக்கு: 800 மில்லி வடிநீர், 200 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், வாசனையில்லாத பாத்திரம் கழுவும் திரவம் இரண்டே சொட்டு. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் என்று விற்பது பெரும்பாலும் வடிநீர்தான், அமிலம் கலந்ததை எடுத்துவிடாதீர்கள். போர் தண்ணீரில் கழுவினால் அதன் உப்பு பள்ளத்துக்குள்ளேயே காய்ந்து நிற்கும். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டிலும் சானிடைசரிலும் வேறு பொருள்கள் கலந்திருப்பதால் இரண்டும் ஆகாது.

தட்டைப் பிளேயரில் வைத்துக் கழுவ வேண்டாம். மேசையில் சுத்தமான டவலை விரித்து அதன்மேல் வையுங்கள். லேபிள் நனையக் கூடாது. மெல்லிய இழைத் துணியால் பள்ளம் போகும் வட்டத்திலேயே துடைத்து, வேறு துணியில் வெறும் வடிநீர் தொட்டு இருமுறை அலசி, தட்டுக் கூடையில் நிறுத்தி நிழலில் உலர்த்துங்கள்.

அரக்குத் தட்டுக்கு ஆல்கஹால் ஒரு துளிகூடக் கூடாது, அரக்கு அதில் கரையும். வடிநீரும் ஒரு சொட்டு சோப்பும் மட்டும். நனைய ஊறவைக்காமல், துடைத்த கையோடு உலர்த்துங்கள்.

கழுவிய தட்டைப் பழைய காகித உறைக்குள் திருப்பிப் போட்டால் ஒரு மழைக்காலத்தில் பூஞ்சை மறுபடி வரும், வித்து அந்த உறையில்தான் இருக்கிறது. பாலித்தீன் உள்ளுறை வாங்குங்கள். அட்டைகளைக் காற்றாட உலர்த்தி, தட்டுகளைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி அடுக்குங்கள். வெளிச்சுவரில் ஒட்டிய அலமாரி வேண்டாம், சுவரின் ஈரமும் கரையானும் அங்கேதான் வரும். நூறு எல்பி ஏறத்தாழ 25 கிலோ, பலகை தாங்குமா என்று பாருங்கள். பாச்சை உருண்டை வேண்டாம். சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும்.

அப்பாவின் ஹெச்எம்வி ஃபியஸ்டா ரெக்கார்ட் பிளேயர் இருபது வருடம் ஓடவில்லை. நேராக பிளக்கில் சொருகலாமா?
*வாசகர், கோயம்புத்தூர்*

கூடாது. ஒயரின் ரப்பர் வெடித்திருக்கும், உள்ளேயுள்ள கெப்பாசிட்டர்கள் வலுவிழந்திருக்கும். இரண்டையும் ரேடியோ மெக்கானிக்கிடம் பார்க்கச் சொன்ன பிறகே மின்சாரம். அதற்குமுன் சுழல்தட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் பழைய கிரீஸ் கோந்தாகிவிட்டது. ஆல்கஹாலில் துடைத்தெடுத்து, மைய அச்சில் புதிதாக மெல்லியதாகப் பூசுங்கள். மோட்டாரின் மேலும் கீழும் உள்ள வெண்கலத் தாங்கிகளுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு. தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், கோவைக் குளிரில் உறைந்து பிசினாகும். சுழல்தட்டை உரசி ஓட்டும் ரப்பர் சக்கரத்தில் எண்ணெய் படவே கூடாது. அது கல்லாகிப்போயிருந்தாலோ ஒரு பக்கம் பள்ளமாகி 'டக் டக்' என்றாலோ ரப்பரை மாற்ற வேண்டும். இனிமேல் கேட்டு முடிந்ததும் விசையை நிறுத்தும் நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். சக்கரம் அழுந்தியபடியே மாதக்கணக்கில் நிற்பதால்தான் அந்தப் பள்ளம் விழுகிறது.

கார்ட்ரிட்ஜ் செராமிக் வகை, அதன் முனையிலுள்ள சிறு பிடியைத் திருப்பினால் எல்பி முள், 78 முள் இரண்டும் மாறி மாறி வரும். ஒவ்வொரு முறையும் எது கீழே இருக்கிறது என்று பார்த்துவிட்டு இறக்குங்கள். இந்தத் தலைகள் ஐந்து கிராமும் அதற்கு மேலும் அழுத்துபவை. அரிய எல்பிகளை இதில் போடாதீர்கள். 78-களுக்கும், கடையில் மறுபடி கிடைக்கும் இ.பி.களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

வைர முள் எத்தனை நாள் வரும்?
*வாசகர், புதுச்சேரி*

நாள் கணக்கு வேண்டாம், மணிக்கணக்கு வையுங்கள். சாதாரண வைர முள் 500 மணியிலிருந்து தேய்மானத்தைக் காட்டத் தொடங்கும். எல்பியின் ஒரு பக்கம் 20 நிமிடம் என்றால் 1500 பக்கம். பிளேயருக்கடியில் ஒரு சீட்டு வைத்து, கேட்ட பக்கத்துக்கு ஒரு கோடு போடுங்கள். பக்கத்தின் கடைசிப் பாட்டில் மட்டும் கரகரப்பு வந்தால் அதுவே முதல் எச்சரிக்கை: வெளிவட்டத்தில் நொடிக்கு 50 சென்டிமீட்டர் ஓடும் பள்ளம் உள்வட்டத்தில் 21 சென்டிமீட்டர்தான், அலைகள் அங்கே நெருங்கியிருக்கும், தேய்ந்த நுனியால் அவற்றைப் பின்பற்ற முடியாது. பழைய பிளேயர்களில் இருக்கும் சஃபையர் முள்ளுக்கு இந்த ஆயுளில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வாங்கியவுடன் அதை வைரத்துக்கு மாற்றிவிடுங்கள்.